வெள்ளை வேண்டாத வெறும்பெட்டியர்

எங்கள் தீவுப்பக்கத்தில் கடலைக் கும்பிட்டவர்கள் உண்டு, கடலைத் திட்டியவர்கள் உண்டு. கடலைப் பார்த்து, "இண்டைக்குப் பச்சை கொஞ்சம் கூடிப்போச்சு" என்று குறை பிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வெறும்பெட்டியர்.

வேலணையில் நான் வேலை பார்த்த கந்தோரில் எனக்கு அடுத்த மேசைக்காரர் அவர். பக்கத்திலிருந்த சரவணைதான் அவரின் ஊர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஐம்பது வயதுவரை பென்சிலைக்கூட ஒழுங்காகச் சீவத் தெரியாத மனிதர், கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது படம் கீறத் தொடங்கினார். எல்லாம் திறந்த பிறகும் நிறுத்தவில்லை.

பட்டப்பெயர் வந்தது இப்படி. அக்ரிலிக் பெயின்ற் ரியூப்பில் சின்னதாக ஒரு சதுரப் பெட்டி அச்சடித்திருக்கும். பெட்டி கறுப்பாக நிறைந்திருந்தால் அந்த நிறம் கீழே இருப்பதை மூடிவிடும். வெறும்பெட்டி என்றால் அடியில் இருப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிவதுபோலத் தெரியும். எங்கள் பக்கத்துக் கடலோ முழங்காலளவு தண்ணீர். மணலும் அதில் முளைத்த சாதாழைப் புல்லும் கரையில் நின்று பார்த்தாலே தெரியும். "தண்ணி எண்டா அடி தெரியவேணும். மூடுற பெயின்றாலை கீறினா அது கடல் இல்லை, மதில்" என்பார். அதனால் வெறும்பெட்டி ரியூப்பைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார்.

கனடாவிலிருந்து அவருடைய மனைவியின் தம்பி லீவில் வரப்போகிறார் என்றதும், கந்தோர் முழுக்கக் கேட்கும்படி போனில் கத்தினார்: "மச்சான், வெறும்பெட்டி மட்டும் பார்த்துக் கொண்டு வாரும். நிறைஞ்ச பெட்டி ஒண்டும் வேண்டாம்!"

மச்சான் சொல் தட்டாதவர். சொக்கிலேற் ரின், பிஸ்கற் ரின், சப்பாத்துப் பெட்டி என்று சூட்கேஸ் நிறைய வெறும்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். "அத்தான், விமான நிலையத்திலை திறந்து பார்த்தவங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்கள். என்னத்துக்கு உங்களுக்கு இவ்வளவு வெறும்பெட்டி?" சொக்கிலேற்றை எல்லாம் அங்கேயே தின்றுவிட்டு ரின்னை மட்டும் கொண்டுவந்தாயோ என்று அக்காக்காரி தம்பியோடு கோபித்துக்கொண்டது தனிக்கதை.

மச்சான் திரும்பிப் போய்ச் சரியான ரியூப்களைப் பார்சலில் அனுப்பினார். எங்களுக்குச் சனி பிடித்தது அதற்குப் பிறகுதான். "நூறு நிறம் வைச்சிருக்கிறவனுக்கு ஒண்டும் கலக்கத் தெரியாது. ஆறு ரியூப் போதும். ஆனா அது எனக்கெண்டு நான் தெரிஞ்செடுத்த ஆறாய் இருக்கவேணும்" என்று அறிவித்துவிட்டார்.

கலியாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோலத் தெரிவு நடந்தது. கட்மியம் சிவப்பு வந்தது. "ஆள் நல்ல வடிவு. ஆனா மூடுவா." தள்ளுபடி. பச்சை வந்தது. "நீலமும் மஞ்சளும் வீட்டிலை இருக்கேக்கை பச்சைக்கு என்னத்துக்குத் தனிச்சோறு?" அதுவும் போனது. குயினாக்கிரிடோன் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு றோசாச் சிவப்புக்கு மட்டும் உடனே இடம் கிடைத்தது. "குயினாக்கிரிடோன் சரி வந்திட்டுது!" என்று அவர் துள்ளியதைக் கேட்ட முன் மேசைக்காரி, "காய்ச்சலோ அண்ணை? அந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

ரியூப்பில் அடித்திருந்த பெட்டியையும் அவர் முழுதாக நம்பவில்லை. கறுப்புக் கோடு ஒன்றின்மேல் பூசிப் பார்ப்பார். கோடு தெரிந்தால் பாஸ். நல்ல கறுப்பாகக் கோடு தேடியவரின் கண், பழைய சுற்றறிக்கை ஒன்றின் அடியில் இருந்த எங்கள் கந்தோர்ப் பெரியவரின் கையெழுத்தில் விழுந்தது. கையெழுத்தின்மேல் மஞ்சள் ஏறியது, நீலம் ஏறியது. அந்த நேரம் பார்த்துப் பெரியவரும் வந்துவிட்டார்.

"என்ன ஐசே இது?"

"சேர், உங்கட கையெழுத்தைப்போல நல்ல கறுப்பு வேறை ஒரு இடத்திலையும் இல்லை. பாருங்கோ, எதைப் பூசினாலும் நீங்கள் தெரியுறியள்!"

ஏசுவதா மகிழ்வதா என்று பெரியவருக்கு விளங்கவில்லை. "இனிமேல் கேட்டிட்டுப் பூசும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஆறு ரியூப்பும் தேறியதும், நயினாதீவுப் படகுத்துறையில் கதிரை போட்டுக் கடலைக் கீறினார். அது சரி வந்தது. "இனி ஆள் கீறவேணும். பிள்ளை, நீர்தான் இருக்கவேணும். கந்தோரிலையே கஷ்டமான நிறம் உம்மட நிறம்" என்றார்.

நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடப் படம் தொடக்கம் ஸ்ரூடியோக்காரர்கள் என்னைக் கேளாமலே வெளுத்துத்தான் தந்திருக்கிறார்கள். அந்தப் படங்களை நம்பிப் பெண் பார்க்க வந்தவர்கள், நேரில் கண்டதும் தேத்தண்ணி ஆற முதலே எழும்பிப் போனார்கள். அப்போது நோர்வேயிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் குழம்பினால் அம்மா தாங்கமாட்டா.

கையால் கீறின படம் என்றால் மரியாதை, கொஞ்சம் வெளுப்பாகக் கீறினாலும் ஒருவரும் பொய் என்று சொல்லமாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. யாழ்ப்பாணம் போய் வெள்ளை ரியூப் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே கந்தோருக்கே வந்துவிட்டா.

"தம்பி, பிள்ளைக்கு இதையும் கொஞ்சம் சேருங்கோ."

வெறும்பெட்டியர் ரியூப்பைத் திருப்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "அக்கா, இது நிறைஞ்ச பெட்டி."

"வெறும்பெட்டியை விட நிறைஞ்ச பெட்டி நல்லதுதானே தம்பி!"

"ஏலாது அக்கா. இதைப் போட்டா பிள்ளை மறைஞ்சு போவா."

அவர் பெயின்றைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் அந்த ரியூப்பை அவர் கையிலிருந்து வாங்கி அம்மாவின் பைக்குள் திரும்ப வைத்தேன்.

மத்தியான இடைவேளைகளில் இருந்தேன். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே இன்னொன்று. மஞ்சள் பூசிய நாளில், "பிள்ளைக்குச் செங்கமாரி! கண்ணும் மஞ்சளாப் போச்சு!" என்று முன் மேசைக்காரி அலறினாள். நீலம் ஏறிய நாளில் நான் கோயில் கோபுரத்தில் நிற்க வேண்டியவள்போல இருந்தேன். கடைசியில் ஒருநாள் படத்தை என் பக்கம் திருப்பினார். கன்னத்தில் வெயில் பட்ட இடம் செம்மையாக, கழுத்தடி நீலம் ஓடியதாக, அதில் நான் இருந்தேன். என் கறுப்புக்குள் இத்தனை நிறம் கிடந்தது எனக்கே தெரியாது. நான் வடிவாக இருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்ரூடியோப் படத்தை அம்மா அனுப்ப முதல், இந்தப் படத்தைப் போனில் எடுத்து நானே நோர்வேக்கு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையின் தாயிடமிருந்து பதில் வந்தது. பிள்ளை நல்ல பிள்ளையாம், நிறம்தான் தங்களுக்குச் சரிவராதாம். அம்மா அழுதா. நான் போனைக் கொண்டுபோய் வெறும்பெட்டியரின் மேசையில் வைத்தேன்.

"பாருங்கோ அண்ணை, உங்கட வெறும்பெட்டி பார்த்த வேலையை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நிறம் தெரிஞ்சிருக்கு! போனிலை பார்த்தும் தெரிஞ்சிருக்கு! அப்ப படம் சரி வந்திட்டுது, பிள்ளை!"

எத்தனையோ சம்பந்தம் குழம்பியிருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் கண்ட பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். கதிரையை என் பக்கம் இழுத்து, வேறு யாருக்கும் கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

"அப்ப... கொஞ்சம் வெள்ளை பூசட்டோ, பிள்ளை?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவரை என் ஆயுள் முழுக்க மறக்கமாட்டேன். வேண்டாம் அண்ணை, என்றேன்.