ஜெல்லுக்குள் அவசரம்

'வெந்நீர்' சார் ஆய்வுக்கூடத் தொட்டிக்குள் மூக்கை விடாத குறையாகக் குனிந்து பார்த்தார். ஓட்டத்தைக் காட்டும் சாயத்தின் நீலப் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. எந்நேரமும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்போல் நிற்பதால் அங்கே எல்லோரும் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் 'வெந்நீர்'.

தொட்டியில் இருந்தவை இரண்டு வகை டி.என்.ஏ. மூலக்கூறுகள். இரண்டுமே பூதாகரமானவை. மின்சாரம் மெல்ல இழுக்க, கூழ்க்கட்டியான ஜெல்லின் சந்துபொந்துகளில் பாம்பாக நெளிந்து, தனித்தனியாகப் பிரியவேண்டும். அதற்கு ராத்திரிவரை ஆகும். அவருக்கோ சாயங்காலம் மகளின் நாடகம். "இந்தத் தடவையும் வரலைன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்ப்பா" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

மின்னழுத்தத்தைத் திருகி ஏற்றினார்.

"சார், இவ்வளவு பெரிசை வேகமா இழுத்தா பிரியாது. ரெண்டும் ஒண்ணாவே ஓடும்" என்றாள் உதவிக்கு இருந்த பெண்.

"ஓடட்டும்மா! இதுங்க ஓடினாதான் நான் ஓட முடியும்!"

ஓடின. ஒன்றோடொன்று ஒட்டி, அப்பிய மையாக ஓடின.

"ஜெல் கெட்டி. அதான்" என்று, அடுத்த ஜெல்லை நீர்க்க ஊற்றினார். தூக்கும்போது அது கஞ்சியாகக் கைவழியே ஒழுகியது.

"இப்ப நகர்ந்துருச்சு சார். ஜெல்லோட சேர்ந்து" என்றாள் அவள்.

மூன்றாவதற்குச் சுற்றிலும் ஐஸைக் கொட்டி, மின்சாரத்தை உச்சத்துக்கு ஏற்றினார். டப்பென்று ஒரு சத்தம். மாடி முழுக்க இருட்டு.

இருட்டிலிருந்து ஆய்வுக்கூடத் தலைவி அம்மாள் வந்தார். "சாம்பிள் எவ்வளவு மிச்சம்?"

"ஒரு சொட்டு மேடம்."

"அதுவும் போச்சுன்னா உங்க வேலையும் போச்சு. நாளைக்குக் காலையில மெதுவா ஓட விட்டு, ராத்திரிவரைக்கும் தொட்டி பக்கத்துலயே உக்காரணும். சம்மதமா?"

"சத்தியமா மேடம்! நாளைக்கு அசையவே மாட்டேன். இப்ப மட்டும் விட்டுடுங்க!"

தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார். சட்டையில் நீலக் கறை, ஒரு கையில் இன்னும் ரப்பர் உறை. பிள்ளைக்காக ஒரு நாளாவது நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குக் கண்ணே கலங்கியது. பள்ளிக்கூட வாசல் சாத்தியிருந்தது.

"நாடகம் ஆரம்பிச்சிருச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்கதானா அந்த ஆய்வுக்கூடத்து சார்? நாடகம் நாளைக்கு. உங்க வீட்டம்மா, நீங்க எங்கயும் நேரத்துக்கு வரமாட்டீங்கன்னு, உங்ககிட்ட மட்டும் ஒரு நாள் முன்னாடி தேதியா சொல்லி வச்சிருக்காங்களாம், எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க!"