தீர்க்கதரிசிக்கு வைத்த தண்ணீர்

“மோதிரத்தைக் கழட்டுடி! இப்பவே கழட்டு!”

“மாட்டேன். வேணும்னா விரலோட வெட்டி எடுத்துக்கோ. கத்திரி கையிலதானே இருக்கு?”

“சபை நடுவுல எழுந்து நின்னு ஐயாவையே கேள்வி கேக்குற! அவர் தரிசனத்துல பார்த்திருக்காருடி. அந்தப் பையன் தலையைச் சுத்திக் கறுப்புச் சக்கரம் ஓடுதாம்!”

“அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுறாரும்மா. நாலு சக்கரமும் கறுப்புதான்!”

இந்த இடத்தில் நான் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்வீட்டில் சண்டை நடக்கும்போது கீழ்வீட்டுக்காரி படி பெருக்குவது குற்றமில்லை. அன்றைக்கு அதே படியை மூன்றாவது தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

மேல்வீட்டு அம்மா தையல்காரி. கோட்டு தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புருஷன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு ஒற்றை மெஷினை மிதித்தே மகளை ஆளாக்கினாள். மகள் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையாகப் போகிறவன் ஆம்புலன்ஸ் டிரைவர், தங்கமான பையன். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் டயர் கடை மாடியிலிருந்து இந்தக் கறுப்புச் சக்கரம் உருண்டு வந்தது.

டயர் கடை மாடி ஹாலில் ஒரு தீர்க்கதரிசி வந்து இறங்கியிருந்தார். வந்த மூன்றே மாதத்தில் படியெல்லாம் செருப்பு. ஞாயிற்றுக்கிழமை தெருவில் சைக்கிள் நுழையாது. எங்கள் பழைய சபையிலிருந்து பாதிப் பேர் அங்கே ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் போதகர் பாவம், நோயாளியைப் பார்க்கப் போவார், செத்த வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுவார். வருங்காலம் மட்டும் அவருக்குத் தெரியாது. தன் பிரசங்கம் எப்போது முடியும் என்பதுகூடத் தெரியாது.

தீர்க்கதரிசி ஐயாவுக்கோ எல்லாம் முன்கூட்டியே தெரியும். மந்திரி பதவி போனது தெரியும். பெரிய பாலம் இடிந்தது தெரியும். கால்பந்துக் கோப்பை யாருக்கு என்று தெரியும். சிரித்துச் சிரித்துப் போட்டோ போட்ட நடிகையும் அவள் புருஷனும் பிரியப்போவது தெரியும். ஆண்டவருக்கு உலக நடப்பிலும் சினிமாவிலும் இவ்வளவு அக்கறை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. நானும் முழங்காலில் நிற்கிறவள்தான். முப்பது வருஷமாக என் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லியும் ஒரு பதில் இல்லை. கால்பந்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் போல.

விஷயம் நடக்கும். நடந்த அரை மணி நேரத்தில் எல்லார் போனிலும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஐயாவின் சேனலில் ஒரு வீடியோ. ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்ததை அப்படியே சொல்லுவார். கீழே தேதியைப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி! “தேதியைப் பாருங்கள்! தேதியைப் பாருங்கள்!” என்று ஹால் அதிரும். அல்லேலூயா! ஒரு மாதமாக அந்த வீடியோ நம் கண்ணில் ஏன் படவில்லை என்று ஒரு ஆத்மாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நடிகை விஷயத்தில் மும்முரமாக இருந்தேன்.

இதற்குப் பிரதியுபகாரமாக ஆண்டவர் ஒரு கார் கேட்டாராம். வெள்ளை நிறம், ஏசியோடு. சபை வாங்கிக் கொடுத்தது. தையல்காரியிடம் கோட்டு கேட்டாராம். ஆறு தைத்துக் கொடுத்துவிட்டாள், ஏழாவது மெஷினில் இருந்தது. கூலி? தலையில் கை வைத்து ஒரு ஆசீர்வாதம்.

மகள்தான் சண்டைக்கு முந்தின ஞாயிறு எழுந்து நின்று கேட்டுவிட்டாள்.

“ஐயா, பாலம் இடியப் போறது ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சா, அதுமேல போனவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் எப்பவும் நடந்து முடிஞ்சப்புறம்தான் வீடியோ வருது?”

ஐயா கண்ணை மூடினார். “மகளே, சனிக்கிழமை டிவியில் பாட்டுப் போட்டி கடைசிச் சுற்று, நாலு பேர் பாடுகிறார்கள். கர்த்தருக்குச் சித்தமானால் முன்னாடியே வரும்” என்றார். சித்தமானால்! அந்த ஒரு சொல்லுக்குள் வெள்ளைக் காரையே நிறுத்தலாம்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் சண்டை. கடைசியில் மகள் சொன்னாள்: “சரிம்மா. சனிக்கிழமை அவர் முன்னாடியே சொல்லி, அது பலிச்சுட்டா, நானே மோதிரத்தைக் கழட்டித் தர்றேன். ஞாயித்துக்கிழமை நீயே அவங்க வீட்டுல கொண்டுபோய்க் கொடு. பலிக்கலைன்னா சக்கரப் பேச்சு எடுக்கக் கூடாது.”

“பலிக்கும்டி” என்றாள் தாய். குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. கோபத்தில் கத்தியவள் இல்லை அவள், பயத்தில் கத்தியவள். ஒரு புருஷனைச் சக்கரத்துக்குக் கொடுத்தவளிடம் போய் யாராவது சக்கரம் என்று சொன்னால் வேறு என்ன செய்வாள்?

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் என் சமையலறைக்கு வந்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு லேப் கதை பேசினாள்.

“ஒரு மெஷின் மேல சந்தேகம் வந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா அத்தை? ரத்தத்துக்குப் பதிலா வெறும் தண்ணியை உள்ளே வைப்போம். தண்ணிக்கும் சர்க்கரை வியாதின்னு அது சீட்டு அடிச்சா, மூட்டை கட்டி அனுப்பிடுவோம்.”

எனக்கு அதில் ருசி இல்லை. கொட்டாவி விட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னொண்ணு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாட்டுப் போட்டி கடைசிச் சுற்று வியாழக்கிழமையே எடுத்து முடிச்சுட்டாங்களாம். லைட் பிடிக்கிறவரோட தங்கச்சி எங்க லேப்லதான் இருக்கா. ஜெயிச்சது பஸ் கண்டக்டர்.”

“ஐயோ! இரட்டைச் சடைக்காரி இல்லையா?”

“சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது அத்தை.”

சொல்லவில்லை. தீர்க்கதரிசி ஐயாவின் மனைவியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எதிரே வந்ததால். ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு குடம் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்து மணிக்கு ஹாலில் பெரிய திரை கட்டியாயிற்று. ஆறு மணிக்குப் போட்டி. ஐந்தே காலுக்கு எல்லார் மடியிலும் ‘டிங்’. ஐயா சாம்பல் நிறக் கோட்டில், ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியில் நின்றார். “நால்வரில் கண்டக்டர் ஒருவனே! அவனைத் தவிர வேறொருவரும் இல்லை என்று கர்த்தர் உரைக்கிறார்!”

முன்கூட்டியே வந்துவிட்டது! ஹால் எழுந்து நின்றது. முன்வரிசைப் பெரியம்மா மயங்கி விழுவதற்கு வசதியாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். தையல்காரி மகளைத் திரும்பிப் பார்த்து உள்ளங்கையை நீட்டினாள். மகள் மோதிரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் முடியலைம்மா” என்றாள்.

போட்டி முடிந்தது. உறையைப் பிரித்தார்கள். ஜெயித்தது இரட்டைச் சடைக்காரி.

ஐயா சட்டென்று எழுந்தார். “கர்த்தர் கண்டக்டரின் இருதயத்தைச் சோதித்தார்! கடைசி நிமிஷத்தில்...”

அந்த வாக்கியம் முடிந்திருந்தால் ஹாலில் பாதிப் பேர் அதையும் விழுங்கியிருப்பார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஐயாவின் மச்சான் பழக்கதோஷத்தில் தன் வேலையைப் பார்த்தார். யார் ஜெயித்தாலும் அவர்கள் வீடியோவைத் திறந்துவிடுவதுதான் அவர் ஊழியம்.

‘டிங்.’

அதே சாம்பல் நிறக் கோட்டு. அதே தேதி. பின்னால் அதே சுவர்க் கடிகாரம். கண்டக்டருக்கு மணி பத்து பத்து, இவளுக்குப் பத்து பதினாலு. “நால்வரில் இரட்டைச் சடை மகள் ஒருத்தியே! அவளைத் தவிர வேறொருவரும் இல்லை என்று கர்த்தர் உரைக்கிறார்!”

நாலு நிமிஷத்தில் ஆண்டவர் மனசு மாறிவிட்டது. பாத்திரக்கடையில் நான்கூட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

“சாத்தான் போனுக்குள்ள புகுந்துட்டான்!” என்று ஐயா கத்தினார். “ஆமென்!” என்று ரெண்டு மூன்று குரல். இருக்கத்தானே செய்யும்.

அப்போது தையல்காரி எழுந்தாள். போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

“இந்தத் தோள்ல வெள்ளை நூல் தெரியுது பாருங்க. அளவு பார்க்கிறதுக்குன்னு நான் போட்ட ஓட்டுத் தையல். போட்டுப் பார்த்துட்டுத் தர்றேன்னு போன மாசம் இந்தத் தேதியில காலைல பத்து மணிக்கு வாங்கினீங்க, பதினொண்ணுக்கு நானே வந்து வாங்கிட்டுப் போய் நூலைப் பிரிச்சேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்தக் கோட்டு நூலோட உங்ககிட்ட இருந்துச்சு. அதுக்குள்ள இன்னும் எத்தனை பேரை ஜெயிக்க வெச்சீங்க ஐயா?”

“நாலு பேரையும்தாம்மா” என்றாள் மகள், இருந்த இடத்திலிருந்தே. “ஆளுக்கொரு வீடியோ எடுத்து மறைச்சு வெச்சுக்கலாம். பலிச்சதை மட்டும் திறந்துவிடலாம். எடுத்து ஏத்தின பழைய தேதி அப்படியே நிக்கும். பாலம் மட்டும் எப்படின்னு கேக்குறீங்களா? ஊர்ல இருக்கிற பாலத்துக்கெல்லாம் ஒண்ணொண்ணு எடுத்து வெச்சிருப்பாரு.”

“கண்டக்டர்னு எப்படி...” என்று நான் இழுத்தேன்.

“அது நான் வெச்ச தண்ணி அத்தை. லைட்டும் இல்லை, தங்கச்சியும் இல்லை. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். கர்த்தருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஹால் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தையல்காரி விடவில்லை. “அப்ப அந்தக் கறுப்புச் சக்கரம்? என் வீட்டுக்காரர் லாரியில போனது உங்களுக்கு யார் சொன்னது?”

ஐயா மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். மின்விசிறியில் நிறைய தூசி இருந்தது. ஆமாம், சொன்னேன். டீ ஆறுகிற வரைக்கும் பேச ஏதாவது வேண்டாமா? அந்தம்மா இவ்வளவு கவனமாகக் கேட்கிறாளே, பாவம், இரக்கமுள்ளவள் என்று நினைத்தேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது தையல்காரி மகளிடம் கேட்டேன். “ஏண்டி, கண்டக்டரே ஜெயிச்சிருந்தா?”

“ரெண்டு வாரமா அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதான் அவரைச் சொன்னேன். இருந்தாலும் உறையைப் பிரிக்கிற வரைக்கும் மோதிரத்தை விடலை அத்தை.” அவள் விரலில் மோதிரம் அழுந்திய இடம் சிவந்து போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கார் தெருவை விட்டுப் போயிற்று. மூன்று ஊர் தள்ளி மரச்சாமான் கடை மாடியில் இப்போது கூட்டம் அலைமோதுகிறதாம். மச்சான் மட்டும் போகவில்லை. டயர் கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடியோ எடுக்கிறார். மாப்பிள்ளை யார் என்று முன்கூட்டியே தெரிவதால் ஒன்று எடுத்தால் போதும். முன்வரிசைப் பெரியம்மா, கர்த்தர் நாலு வழியையும் காட்டினார் என்று சாதித்துக்கொண்டு, மகன் வீட்டை விட்டு மரச்சாமான் கடைப் பக்கமே குடிபோய்விட்டார்.

தையல்காரி மெஷினில் கிடந்த ஏழாவது கோட்டைப் பிரித்து ஆம்புலன்ஸ்காரனுக்கு அளவாகத் தைத்தாள். கல்யாணம் எங்கள் பழைய சபையில்தான். போதகர் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். கேக் வெட்டும்போது அவசர அழைப்பு வர, மாப்பிள்ளை அந்தக் கோட்டோடு வண்டி எடுக்க ஓடினான். ஒரு கிழவர் பிழைத்தார். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான், அவ்வளவுதான். இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். மேல்வீட்டில் சத்தமே இல்லை, என் படியில் தூசி படிகிறது.

போன வாரம் தையல்காரி என்னிடம் வந்து, “அங்கே மரச்சாமான் கடை மாடியிலயும் தலையில கை வைக்கிறாராமே” என்றாள். வைக்கத்தான் செய்வார். ஆண்டவர் நமக்குத் தலையைக் கொடுத்தது கண்டவன் கை வைப்பதற்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்.