மீட்டரில் நான்கு ஐந்துகள்

இப்ராஹீமியா, அலெக்சாந்திரியா
14 மார்ச் 2009

அன்புத் தம்பி ரிஃபாத்துக்கு, அண்ணன் ஷௌகியின் சலாம். இறைவன் அருளால் நான் நலம். முதுகு மட்டும் நலமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. மெல்பர்னில் நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது வெயில் தணியத் தொடங்கியிருக்கும். இங்கே கடல் இன்னும் குளிர்காலத்தை விடவில்லை.

நீ விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருந்த ஜாவா மோட்டார் சைக்கிளை நேரில் பார்த்தேன். ஒரு தடவை போதும் என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை போனேன். முதலில் நீ போனில் சொன்னதை அப்படியே இங்கே பதிகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்பாய். "அண்ணே, ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னா அது புதுப்பொண்ணு. நெசம்னா சொல்லு, ஏப்ரல்ல வந்துடறேன், ரெண்டு பேரும் மத்ரூஹ் கடற்கரை வரைக்கும் ஓட்டிட்டுப் போவோம். பொய்னா விட்டுடு. இந்த வயசுல நான் இன்னொரு கிழவனைத் தள்ளிக்கிட்டு நடக்க முடியாது" என்றாய். பத்தொன்பது வருடமாக நீ வராததற்குச் சொன்ன காரணங்கள் என் டயரியில் இருக்கின்றன: கடை, சின்னவள் பரீட்சை, பெரியவன் கல்யாணம், சின்னவள் மறுபரீட்சை. வருவதற்கு நீ ஒரு நிபந்தனை சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால், பத்திரிகை வேலையில் ஒரு கொலை வழக்குக்குக்கூடச் செலவழிக்காத சிரத்தையை இந்த வண்டிக்குச் செலவழித்தேன்.

விற்பவர் மதாம் இன்ஸாஃப், மருந்துக்கடை டாக்டர் ஹில்மியின் மனைவி. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இந்த அம்மாள் கெய்ரோவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அங்கே மூன்றாம் மாடி, வண்டிக்கு இடமில்லை. முதல் நாள் செம்பருத்திச் சர்பத், வெண்ணெய் ஃபதீர் ரொட்டி, மேலும் ஒரு ஃபதீர் என்று உள்ளே போன பிறகுதான் படிக்கட்டுக்கு அடியில் இருந்த வண்டியின் மேல் துணியை விலக்கினார். ரிஃபாத், அதே சிவப்பு. டாங்கின் பக்கவாட்டில் அதே வெள்ளித் தகடு. நம் பழைய ஜாவாவை நீ வெளிநாடு போன வருடமே விற்றுவிட்டோம், அதற்குப் பிறகு இந்தச் சிவப்பை நான் எங்கும் பார்க்கவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தேன். 05555. நான்கு ஐந்துகள் வரிசையாக நின்றன. நம் ஊர்க்காரனுக்கு ஒரு ஐந்தைப் பார்த்தாலே கண்ணேறு கழிந்தது போல இருக்கும், நான்கைப் பார்த்தால் கேட்கவா வேண்டும், என் கை தானாகவே விரல்களை விரித்தது, வாய் "கம்ஸா, கம்ஸா" என்று ஐந்தை ஓதியது. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். 5,554 என்று இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

"அவர் எங்கே அதிகமா ஓட்டுவார்?" என்று கேட்டேன்.

"வீட்டுலேர்ந்து கடைக்கு. நாலு தெரு, உஸ்தாஸ். வெள்ளிக்கிழமை மீன் வாங்க பஹரிக்கு."

நான்கு தெரு என்றதும் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் கீழே குனிந்து கால்மிதியின் ரப்பரைப் பார்த்தபோது அதில் ரப்பரே இல்லை, இரும்புதான் இருந்தது. "இது எப்படித் தேஞ்சுது, மதாம்?" என்றால், "அவருக்குக் கால் கனம்" என்றார். கிக்கரே கியர் லீவராகவும் இருக்கும் வண்டி என்பது உனக்குத் தெரியும். அந்த லீவர் கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது. "அது?" என்றேன். "அவர் சுத்தக்காரர், தினம் துடைப்பார்" என்றார். அதற்கு மேல் கேட்க எழப் போனேன், எழ முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிடக் காவலாளியும் ரொட்டி விற்பவரும் என்னைத் தூக்கி மாடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள், மதாம் தன் கணவர் வைத்திருந்த தைலத்தைக் கொடுத்தார், காவலாளி அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி, "நல்ல காரியம் எப்போ?" என்று கேட்டான். "மோட்டார் சைக்கிள் பார்க்க வந்தேன்டா" என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றது" என்றான். இப்போது இப்ராஹீமியாவில் பாதிப் பேர் எனக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லுகிறார்கள். மீதிப் பேர் என் வயதைச் சொல்லுகிறார்கள்.

இரண்டாம் தடவை தனியாகப் போய் ஒன்றும் கண்டுபிடிக்காமல் ஒரு தட்டு மீன்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை அவர் வீட்டில் இல்லை; காவலாளி மட்டும் இருந்தான், ஆறுதல் சொன்னான். நான்காம் தடவை, அதாவது நேற்று, மெக்கானிக் பய்யூமியை அழைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்பது வருடமாக ஜாவா மட்டும் பார்ப்பவர். மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செயின் கவரைக் கழற்றி ஸ்பிராக்கெட் என்னும் பற்சக்கரத்தைக் காட்டினார். பல் ஒவ்வொன்றும் பூனை நகம் மாதிரி வளைந்திருந்தது.

"ஹாஜி, இது ஐயாயிரத்துல வளையுற பல்லா?" என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அவருக்கு நரைத்த தலையெல்லாம் ஹாஜிதான்.

"டாக்டர் வண்டியைச் சுத்தமா வெச்சிருந்தார்" என்றேன். யாருக்காக வாதாடுகிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

"சுத்தமா வெச்சா பல்லு வளையாதா? எம் பல்லைப் பாரு, தினம் தேய்க்கிறேன்." காவலாளியிடம் முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பினார். நடுவில் வரும்போது ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. "கேட்டியா? ஹேண்டில் கழுத்துல இருக்குற கோன் செட்டு, நேரா நிக்கிற எடத்துல குழி விழுந்துருக்கு. நாலு தெருக்குள்ள ஓட்டுறவன் திருப்பிக்கிட்டே இருப்பான், அவனுக்கு இப்படி விழாது. இது திருப்பமே இல்லாத ரோட்டுல போன வண்டி. மணிக்கணக்கா, நேரா."

பிறகு ஹெட்லைட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு பிடி மணல் விழுந்தது. நம் கடற்கரை மணல் பழுப்பு. இது மாவு போல வெள்ளையாக இருந்தது. "மத்ரூஹ்" என்றார் பய்யூமி, மணலைத் தொட்டுப் பார்த்து. கடைசியாக மீட்டர் கேபிளை இழுத்தார். அது மீட்டரில் மாட்டியிருக்கவில்லை. அதன் நுனியை அழகாக மடித்து ஒரு நூலால் கட்டி, முடிச்சில் கண்ணேறு கழிக்கும் நீல மணி ஒன்றைக் கோத்திருந்தார்கள். பய்யூமி தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன், ஒரு கைம்பெண்ணைப் பொய் சொன்னதாக எப்படிக் கேட்பது என்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே படியிறங்கி வந்தார்.

"அதைக் கழட்டிட்டீங்களா? ஐயோ, கட்டுங்க, கட்டுங்க."

"மதாம், கேபிள் மாட்டாமலே வண்டி ஓடியிருக்கிறது" என்றேன்.

"ஆமா. நாங்கதான் கட்டினோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை, தெனம் சாயந்திரம் கடலோரமா போவோம், எதிர்வீட்டுக்காரி ஜன்னல்லயே நிப்பா. 'நீங்க போற தூரத்துக்கு நான் மூணு தடவை மக்காவுக்கே போயிருப்பேன்'னு ஒரு நாள் சொன்னா, அவ கண்ணு பட்டு மறுநாளே ஸீதி பிஷர் ரோட்டுல வண்டியோட விழுந்தோம். அப்புறம் மீட்டர் நாலு அஞ்சுக்கு வந்துச்சு. ஹில்மி சொன்னார், 'இன்ஸாஃப், இதுக்கு மேல எண்ண வேணாம், அவ கண்ணுல இந்த அஞ்சே நிக்கட்டும்'னு. அன்னிக்கே கட்டிட்டார்."

"ஐயாயிரத்து ஐந்நூறுதான் ஓடியிருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே?"

"விளம்பரம் எழுதின பையன் மீட்டர்ல என்ன இருக்குன்னு கேட்டான், சொன்னேன். நீங்களும் மீட்டரைத்தானே பார்த்தீங்க, உஸ்தாஸ்? எவ்வளவு ஓடுச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே!"

"நாலு தெருன்னு சொன்னீங்களே, அம்மா" என்றார் பய்யூமி.

"தனியா போனா நாலு தெரு" என்றார் அவர். "நானும் ஏறினா அதுக்குக் கணக்கு கிடையாது."

கேட்டேன், சொன்னார், குறித்துக்கொண்டேன். வாரத்துக்கு நான்கு மாலை, மாலைக்கு முப்பது கிலோமீட்டர், வருடத்துக்கு ஐம்பது வாரம், இருபது வருடம்: ஒரு லட்சத்து இருபதாயிரம். மத்ரூஹுக்கு இருபது கோடைகள், போக வர அறுநூறு: பன்னிரண்டாயிரம். மீட்டரில் இருப்பதையும் சேர்த்தால் 1,37,555. அதிலும் கடைசியில் மூன்று ஐந்து இருப்பதைப் பார்த்து அவர் நிம்மதியடைந்தார்.

பய்யூமி மூன்று உதை உதைத்தார், வண்டி எழுந்தது. படிக்கட்டெல்லாம் நீலப்புகை. அந்தச் சத்தத்தை உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது, உனக்குச் சொல்லவும் வேண்டாம். அணைக்கப் போனபோது மதாம் இன்ஸாஃப், "கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். வலது கையை முன்னால் நீட்டினார். பிடித்துக்கொள்ள அங்கே யாருமில்லை என்று தெரிந்ததும் சீட்டின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் தெருப்பக்கம் திரும்பி நின்றோம். காவலாளிகூடத் திரும்பிக்கொண்டான். மத்ரூஹ் சாலையில் நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடா" என்று கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது. நீ ஒருநாளும் மெதுவாகப் போனதில்லை.

ஆக, விசாரித்து அறிந்தது இது: மீட்டர் காட்டுவது வண்டி ஓடிய தூரம் அல்ல. கோன் செட், ஸ்பிராக்கெட், கால்மிதி, இரண்டு பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும். விற்பவர் நாணயமானவர், எண் நாணயமானதல்ல. உன் நிபந்தனைப்படி நீ வரத் தேவையில்லை. இதைத் திருத்தவோ பூசி மெழுகவோ எனக்கு மனமில்லை. இத்தனை வருடம் பார்த்ததைத்தான் எழுதினேன், உன் விஷயத்தில் மட்டும் மாற்றி எழுதினால் நியாயமாகாது.

உன் மனைவிக்கு என் மரியாதை. பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பாக ஒவ்வொரு முத்தம். உங்கள் வாசலுக்கு நோயும் கடனும் வழி தெரியாமல் போகட்டும், இறைவன் அளிக்கும் வாழ்வாதாரம் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஷௌகி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, தபால் நிலையத்தின் வாசல் வரைக்கும் போனேன். அங்கே நிற்கும்போது நீ போன் செய்தாய். "என்னண்ணே, நெசமா பொய்யா?" என்றாய். "நெசம்தான், பொறப்படு" என்று என் வாய் சொன்னது. நீ சின்னக் குரலில், பொய் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்ததாகச் சொன்னாய். வண்டியை அன்று மாலையே வாங்கிவிட்டேன். நீ டிக்கெட் எடுத்துவிட்டதாக உன் மனைவி நேற்று சொன்னார். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். விமான நிலையத்தில் உன் கையில் கொடுப்பேன். படித்ததும் நீ திட்டுவாய். திட்டு, வாய் வலிக்கும்வரை திட்டு. நீ எதிரே நின்று திட்டிக் கேட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது.