செத்தல் மிளகாயும் அமெரிக்க நடிகரும்

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்கக்கூட நான் எழும்பியதில்லை. அப்படிப்பட்ட நான்தான் இத்தாலியில், பலேர்மோவுக்குப் பக்கத்து மொண்டெல்லோவில், ஒரு மண்டபத்தையே காலி செய்தேன்.

நான் பராமரிக்கும் வால்டர் ஐயா அமெரிக்க நடிகர். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் பலேர்மோப் பெண்ணைக் கட்டித் தங்கிவிட்டவர். கதாநாயகன் என்று நினைத்துவிடாதீர்கள். கதாநாயகனின் குதிரையைப் பிடிப்பவர், கதவு திறந்துவிடுபவர், இடைவேளைக்கு முன்பே குண்டடிபட்டுச் சாகிறவர். (ஆனால் என்ன அழகாகச் சாவார்!)

ஊரிலுள்ள சினிமாச் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா வைத்தது. அவருடைய படம் ஒன்றைக் காட்டி முடிந்ததும் அவர் மேடையில் பேச வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக அவரை மறைத்துக்கொண்டு வேறு நடிகர் நிற்கப்போவதில்லை. குளிக்கும்போதுகூடப் பேசிப் பார்த்தார்.

மண்டபம் நிறையச் சனம். எல்லார் கண்ணும் அவர்மேல். நாவூறு, கண்ணூறு படாமல் இருக்குமா? மேடைக்குப் பக்கத்து அறையில் அவர் காத்திருந்தபோது, கைப்பையில் கொண்டுபோன செத்தல் மிளகாயையும் உப்பையும் எடுத்து அவர் தலையைச் சுற்றினேன். ஈ துரத்துகிறேன் என்று நினைத்து நன்றி சொன்னார்.

கூட வந்திருந்த என் மகள் ஜெனி கண்டுவிட்டாள். "அம்மா, இஞ்சை வேண்டாம். வீட்டை போய்ச் செய்யுங்கோ."

"கண் படுறது இஞ்சை, கழிக்கிறது வீட்டையோ? நீ பேசாமல் இரு."

பின்னால் இருந்த சமையலறையில் தாச்சிச் சட்டியை அடுப்பில் வைத்து மிளகாயைப் போட்டேன். நாவூறு இருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. இல்லையென்றால் மூக்கைத் துளைக்கும். இதுதான் எங்கள் கணக்கு.

துளைத்தது. ஐயா மேடையில் "நண்பர்களே" என்றார். முன்வரிசை இருமியது, பின்வரிசை தும்மியது, அபாய மணி அலறியது. சற்று நேரத்தில் எல்லாரும் வீதியில். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. அவர் பேச்சு அந்த ஒரு சொல்லோடு நின்றுபோனது. கையில் தாச்சியோடு நான் அழுதுகொண்டு நின்றேன்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி ஐயா கேட்டார்: "தெரேசா, என்ன சமைத்தீர்கள்?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓடவும் வழியில்லை. என் உடைந்த இத்தாலியனில் நெடிக் கணக்கை விளக்கினேன்.

"அப்படியென்றால் இவ்வளவு பேரில் ஒருவருக்கும் என்மேல் பொறாமை இல்லையா?"

"ஒரு துளியும் இல்லை, ஐயா."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீர்களா? இத்தனை படம் நடித்தும் ஒருவன்கூடப் பொறாமைப்படவில்லை!"

தீயணைப்புக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே மிச்சப் பேச்சையும் வீதியில் வைத்துப் பேசி முடித்தார். ஒலிவாங்கி இல்லை, ஒருவரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. முடிவில் என் கையைப் பிடித்துத் தூக்கி, "இன்றும் நான் துணை நடிகன்தான். கதாநாயகி இவர்" என்றார். என் கை நடுங்கவில்லை. (தாச்சி மற்றக் கையில் இருந்தது.)

இப்போதும் மருமகன் புதுச் சட்டை போட்டு "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால், ஜெனி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, தாச்சியை வையுங்கோ. ஆராவது பொறாமைப்படுகினமோ எண்டு பாப்பம்!"