மார்புப் புற்றுக்கு வேர் எடுக்கும் சாமி

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே சாமியின் மகிமையை அளந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை என்றால் ரோடு வரைக்கும் செருப்பு.

சாமியின் பெயர் சாரங்கபாணி. போன வருடம் வரை களைக்கொல்லி விற்றவர். அம்மன் கனவில் வந்து கடையை மூடச் சொன்னாளாம். இப்போது மார்பில் வந்த புற்றுக்கு வேர் எடுக்கிறார். கத்தி இல்லை, தையல் இல்லை, படிப்பும் இல்லை.

என் அத்தை அம்சத்துக்கு மார்பில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலு ஊசி ஏற்றியதில் பாதியானது, பிறகு அப்படியே நின்றது. டாக்டர் ஒளிக்கவில்லை. "முக்கால்வாசி செல் செத்துடும்மா. மருந்துக்கு அசையாத மூல செல் கொஞ்சம் தங்கும். விட்டா திரும்ப முளைக்கும். மருந்தை மாத்துறேன், நடுவுல நிறுத்திடாதீங்க."

இதை அத்தை கொட்டகையில் போய்ச் சொல்ல, சாமி அதில் பாதியைத் திருடிக்கொண்டார். "ஊசி இலையைத்தாம்மா கருக்கும். வேரை நான் எடுக்கிறேன். ஆனா ஊசி ஏத்துற உடம்புல அம்மன் இறங்க மாட்டா."

சேலைக்கு மேல் ஈர வெற்றிலை. மந்திரம். ஓர் அழுத்து. வெற்றிலையைத் திருப்பினால் சிவப்புச் சாற்றில் மயிர் மயிராக வேர்விட்ட கறுப்பு உருண்டை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்தால் வரும் சிவப்பை ஆரத்தித் தட்டில் பார்த்தே வளர்ந்த கூட்டம். அத்தையின் தோடு உண்டியலுக்குப் போனது. ஊசித் தேதியும் போனது.

"இன்னும் ரெண்டு வேர் இருக்காம்டி எழில். பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு."

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா அத்தை?"

"படிச்ச திமிர்ல பேசாத."

ஆற்றில் விடச் சொன்ன வேரை நான் விடவில்லை. தயிர் டப்பாவில் வயல்மண் போட்டுப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

பதினைந்தாம் நாள் டப்பாவைக் கூட்டத்தின் நடுவில் வைத்தேன். பச்சைப் பசேலென்று இலை.

"சாமி, அத்தைக்கு எடுத்த வேரு. முளைச்சிருக்கு."

சாமி அசரவில்லை. "பாத்தீங்களா! உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்!"

கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அத்தை போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து, அடித்தண்டை இரண்டு விரலில் உருட்டினாள். பிடுங்கினாள். கிழங்கைக் கிள்ளி மோந்தாள். முப்பது வருடம் களை பறித்த கை.

"ஏன் சாமி, இது கோரையில்ல?"

பக்கத்தில் நின்றவள் கை நீட்டி வாங்கினாள். "இங்க குடுக்கா... அட ஆமா, கோரைதான்!"

அத்தை சாமி பக்கம் திரும்பினாள். "எங்க நெஞ்சுல என்ன நாத்தா நட்டிருக்கோம், கோரை முளைக்க?"

ஒருத்தி சாமியின் மடியைப் பிடித்து இழுத்தாள். பதினோரு கிழங்குகள் உருண்டன. அன்றைக்கு எடுக்க வேண்டிய வேர்கள். அவர் விற்ற களைக்கொல்லிக்குச் சாகாத களை, பிழைப்புக்கு உதவியிருக்கிறது.

சாமி பின்பக்கமாக ஓடினார். செருப்பில்லாமல்.

மறுநாள் அத்தை தஞ்சாவூர் பஸ் ஏறினாள். டாக்டர் திட்டிவிட்டுப் புது மருந்து ஏற்றினார். கேட்குமா என்றதற்கு, "பாக்கலாம்மா" என்றார். சாமி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

குத்தாலம் பக்கம் வேறொரு சாமிக்குக் கொட்டகை போடுகிறார்களாம். போகிறவர்கள் போங்கள். வாசலில் செருப்பை மட்டும் கழற்றி வையுங்கள்.