துரை மன்னிச்சது எதுக்காம்?

பெல்மதுளை, நம்ம தோட்டத்துச் சங்கத் தலைவர், மதிப்புக்குரிய மச்சான் யோகராஜ் அவர்களுக்கு, வரக்காப்பொல சாலி முதலாளி கடையிலிருந்து முத்துவீரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை நிரோஷாவும், நான் இன்னும் முகம் பார்க்காத என் மகளும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன்ல பேசலாம்தான், ஆனா நீங்க ரெக்கோட் பண்ணி நம்ம தோட்ட மனேஜர் துரைக்குப் போட்டுக் காட்டுவீங்க.

துரையை ஆபிசுக்குள்ள வச்சுப் பூட்டினேன்னு என்னைத் தோட்டத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாதுன்னு வெரட்டுன அதே துரை, நீங்க சொல்லியனுப்புன சேதிப்படி இப்ப மன்னிச்சுட்டாராம், திருவிழா அன்னைக்குக் கோயில் வாசல்ல மாலை போட்டுக் கூப்பிடுவாராம். ஏன் மச்சான்? எதுக்காம்? நாம குடியிருக்கிற லயத்துத் தண்ணியைப் பங்களா நீச்சல் குளத்துக்குத் திருப்பினது யாரு? அன்னைக்கு "பூட்டு, பூட்டு"ன்னு மொத்த லயமும் கத்துச்சு, பின்னால நின்னு நீங்கதான் ரொம்பச் சத்தமாக் கத்துனீங்க, சாவியைத் திருப்பினது மட்டும் நான். எனக்கு வரக்காப்பொல, உங்களுக்குத் தலைவர் பதவி. சரி, விடுங்க. "அடோ"ன்னே மரியாதையில்லாம என்னைக் கூப்பிட்ட மனுசன் இப்ப "முத்துவீரன் மாத்தயா"ன்னு ஐயா போட்டுப் பேசுறாராமே, அதைக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. மஞ்சத் தண்ணி வேற தெளிப்பாங்களாம்! முனியாண்டிக்கு நேந்துவிட்ட கெடாவுக்கும் மாலை போட்டு, மஞ்சத் தண்ணி தெளிச்சு, அது தலையை ஆட்டுனா சம்மதம்னு சொல்லித்தானே வெட்டுறோம்? நான் தலையாட்ட மாட்டேன், சொல்லிட்டேன்.

சாலி முதலாளிகிட்டக் கேட்டேன். "மாலையோட மன்னிப்பா? போகாதீங்க தம்பி"ன்னாரு. ஆனா மூட்டை தூக்க என்னை விட்டா அவருக்கும் ஆள் இல்ல, அதனால அவரையும் நம்ப முடியல. பிள்ளையைப் பார்க்கணும்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது மச்சான். அது தெரிஞ்சுதானே அவளைக் காட்டி என்னைக் கூப்பிடுறீங்க? துரை மொதல்ல பொலிசுல என் மேல புகார் சொல்லிப் போட்ட என்ட்றியை வாபஸ் வாங்கட்டும். திருவிழாவுக்கு நீங்களே மாலையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா அடுத்த வருசம் யோசிக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைக்கு முத்தம். முனியாண்டி உங்களை நல்லபடியாக் காப்பாத்தட்டும், என்னை உங்ககிட்டேருந்து காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
தலையாட்டாத மைத்துனர்,
முத்துவீரன்

பி.கு.: இதைப் பெல்மதுளை லொறிக்காரர்கிட்டக் குடுக்கப் போனேன், அந்த நேரம் பாத்து நிரோஷா கடை போனுக்குக் கோல் எடுத்தா. "துரை மன்னிச்சுட்டாரு, நான் இன்னும் மன்னிக்கல. நாளைக்குப் பேர் வைக்கிறோம், நீங்க வரலன்னா அண்ணன் சொல்ற மாதிரி துரையம்மா பேரைத்தான் வைக்கணும்"னு சொல்லிப் போனை வச்சுட்டா. மேல எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. கடிதம் வர்ற லொறியிலதான் நானும் வாரேன். மாலையோ பொலிசோ, எது வேணும்னாலும் நிக்கட்டும். நான் வந்து எறங்குற வரைக்கும் என் பிள்ளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க.