வணக்கம் சொல்லாதவர்களுக்கு இடமில்லை

அன்புள்ள பேரனுக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நானும் உன் தாத்தாவும் சௌக்கியம். அடுப்படிக் குழாய்க்குத்தான் சௌக்கியமில்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

வீட்டு ரிப்பேர்களை அவரவரே செய்துகொள்ள வழி சொல்லி நீ எழுதுகிற வெப்சைட்டில் கமெண்ட் பெட்டியைத் திறந்துவைத்து, "வர்றதப் படிச்சுப் பாத்து நல்லத மட்டும் உள்ள விடு பாட்டி" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தாயே, அன்றிலிருந்து எனக்குக் கை ஓயவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று பார்க்க அதற்குமேல் படிப்பு எதற்கு? "நீ கமெண்ட் பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்கிறார் உன் தாத்தா. சொல்லிவிட்டுப் போகட்டும். முடி எண்ணெய் விற்கிற ஒருவர் வருகிறார், தங்கமான மனிதர். "வணக்கம். அற்புதமான கட்டுரை. என் கண்ணைத் திறந்துவிட்டது" என்று உன் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து மாறாமல் எழுதுகிறார், கதவுக் கீல் கட்டுரைக்கும் அவருக்குக் கண் திறந்திருக்கிறது. சொன்ன சொல் மாறாத குணம்! உள்ளே விட்டேன். உனக்குக் கார் பரிசு விழுந்திருப்பதாக ஓர் அம்மா, முன்பின் தெரியாதவள், என்னமாய்ச் சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறாள். அவளையும் விட்டேன்.

நேற்று போனில், "குழாய்க் கட்டுரைக்கு யாரும் குறை சொல்லலியா பாட்டி? அதுல ஏதோ விட்டுப்போன மாதிரி எனக்கே நெருடுது. தப்பு இருந்தா உடனே திருத்தணும்" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு குறையும் இல்லை கண்ணு. சில தறுதலைகள் வந்தது உண்மைதான். ஒருத்தன் எடுத்த எடுப்பிலேயே "குழாயக் கழட்டினேன், தண்ணி மூஞ்சில அடிக்குது, இப்ப என்ன பண்றது?" என்கிறான். கேட்கிற முறையா இது? நீக்கினேன். கொஞ்ச நேரத்தில் "சார், சீக்கிரம் சொல்லுங்க சார்" என்று திரும்பி வந்தான். சார் போட்டானே என்று மனசு இளகியது, ஆனாலும் வணக்கம் இல்லையே, நீக்கினேன். ஒருத்தி "கூடத்துல செருப்பெல்லாம் மிதக்குது" என்று வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாள். இன்னொரு ஆள் பிளம்பராம், "முதல்ல மெயின் வால்வை மூடச் சொல்ல வேணாமா?" என்று உனக்கே பாடம் எடுக்கிறான். என் பேரனுக்கா? எல்லாரும் குப்பைக்கூடையில் கிடக்கிறார்கள். நீ ஒரு வரியும் திருத்த வேண்டாம், நிம்மதியாகத் தூங்கு.

உன் எழுத்து போய்ச் சேருகிற வீடெல்லாம் நிறைந்து வழியட்டும்.

இப்படிக்கு,
கமெண்ட் பொறுப்பாளர்,
உன் பாட்டி

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகிற நேரத்தில் உன் தாத்தா உன் கட்டுரையைப் பார்த்து அடுப்படிக் குழாயைக் கழற்றிவிட்டார். கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கத்தினபோது, பழக்கதோஷத்தில் "முதல்ல மரியாதையா வணக்கம் சொல்லிட்டுப் பேசுங்க" என்றுவிட்டேன். "தண்ணி மட்டும் வணக்கம் சொல்லிட்டா வந்துச்சு?" என்கிறார். குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பிளம்பர் தம்பியைத் தேடி எடுத்து, அவர் சொன்ன வால்வை மூடின பிறகுதான் நின்றது. மற்றவர்களையும் எடுத்து உள்ளே விட்டுவிட்டேன். கட்டுரையை இப்பவே திருத்து. அதற்குக் கீழே என்னுடைய கமெண்ட் ஒன்றும் காத்திருக்கிறது. அவசரத்தில் வணக்கம் போடவில்லை, நாலு வார்த்தை கூடக்குறைய வந்துவிட்டது. அதை என் கையால் உள்ளே விடமாட்டேன். நீயே பார்த்துச் செய்.